ஞானப்பாட்டிலிருந்து டிரம்ஸ் வரை: நேரடி ஆராதனை இசையின் நிறையும் குறையும்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் நடந்தால் கீபோர்டும் டிரம்ஸும் கேட்காமல் இருக்காது. இதைப் பற்றிப் பேசினாலே நம்மவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "இதுதான் உயிருள்ள ஆராதனை" என்பது ஒரு கட்சி. "இது கச்சேரி, கீர்த்தனைதான் நம்முடையது" என்பது இன்னொரு கட்சி. இரண்டில் எது சரி? வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

முதலில் வந்தது ஞானப்பாட்டு

1706-ல் சீகன்பால்க் தரங்கம்பாடிக்கு வந்தார். அவருக்குப் பின் வந்தவர்களில் சென்னை வேப்பேரியில் பணியாற்றிய ஃபப்ரீசியஸ் முக்கியமானவர். ஜெர்மன் பாடல்களை அதே மெட்டில் பாடும்படி தமிழாக்கியவர் அவர். இதில் ஒரு சிக்கல் உண்டு. தமிழில் குறில், நெடில் மாறினால் பொருளே மாறிவிடும். ஜெர்மன் மெட்டோ குறிலையும் இழுக்கும், நெடிலையும் சுருக்கும். வார்த்தை தமிழாக இருந்தாலும் ஓசை தமிழாக இல்லை.

பிறகு கீர்த்தனை

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று நம் முறையில் பாடினார். அதையும் அன்று எல்லோரும் வரவேற்கவில்லை. 1820களில் வந்த புதிய மிஷனரிகள் தமிழ்ப் பாடலையும் வாத்தியத்தையும் ஆலயத்துக்குள் விரும்பவில்லை என்று அவரே குறைப்பட்டிருக்கிறார். இன்று நாம் "பாரம்பரியம்" என்று சொல்லும் கீர்த்தனை அன்றைக்கு "புதுமை"! 1853-ல் அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்ட பின்புதான் அவை பரவலாக ஆலயத்துக்குள் வந்தன. அதே 1853-ல்தான் ஸ்கடர் சகோதரர்கள் நம் பகுதியில் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள்.

ஆனால் கீர்த்தனைக்கும் ஒரு வாசல் உண்டு, அதற்கு ஒரு பூட்டும் உண்டு. ராகம், தாளம் பழகியவர்களுக்கே அது எளிதாகத் திறக்கும். இசையில் புரட்சி செய்த சாஸ்திரியார் சாதி வேற்றுமையை விடவில்லை, ஆலயத்துக்குள்ளும் அது தொடரலாம் என்று வாதாடினார். ஆற்காடு மிஷனின் கிராமச் சபைகளில் பெரும்பாலானோர் தலித் மக்கள். அவர்களுடைய பறையும் நாட்டுப்புற மெட்டும் ஆலயத்துக்கு வெளியேதான் நின்றன.

இப்போது பேண்ட்

1960களின் இறுதியில் கலிபோர்னியாவில் ஹிப்பி இளைஞர்கள் கிதாரோடு சபைக்குள் நுழைந்தார்கள். 1983-ல் சிட்னியில் தொடங்கிய ஹில்சாங், ஆராதனையை மேடையிலேயே பதிவு செய்து உலகம் முழுவதும் விற்றது. நம் பக்கம் பெந்தெகொஸ்தே கூட்டங்களும், கேசட் காலத்தில் அருட்தந்தை பெர்க்மான்ஸின் 'ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்' வரிசையும் வழியைத் திறந்தன. பிறகு சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளின் இளைஞர் ஆராதனைக்குள்ளும் பேண்ட் நுழைந்துவிட்டது.

நிறைகள்

1. பேச்சுத் தமிழ், சின்ன வரிகள். புத்தகம் வேண்டாம், எழுத்தறிவுகூட வேண்டாம். வாரம் முழுக்க டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் உழைத்தவர் இரண்டாவது சுற்றிலேயே சேர்ந்து பாடிவிடலாம்.

2. கைதட்டலாம், அழலாம், கையை உயர்த்தலாம். உடம்புக்கும் ஆராதனையில் இடம் கிடைக்கிறது.

3. இசைப் பள்ளிக்குப் போக வசதியில்லாத பிள்ளைகள் சபையிலேயே கீபோர்டும் கிதாரும் கற்றுக்கொள்கிறார்கள்.

குறைகள்

1. பாடகருக்கு வசதியான ஸ்ருதி சபைக்கு எட்டாது. மேடையில் பாட்டு உச்சத்துக்குப் போகும்போது கீழே வாய்கள் மூடிவிடுகின்றன. சபை ரசிகர் கூட்டம் ஆகிவிடுகிறது.

2. "நான், எனக்கு, என்னை" என்றே பல பாட்டுகள் முடிந்துவிடுகின்றன. பாலாற்றில் டேனரிக் கழிவு கலந்ததைப் பற்றி 1996-லேயே உச்சநீதிமன்றம் கடுமையான தீர்ப்பு வழங்கியது. அந்த நீரைக் குடித்தவர்களின் புலம்பல் நம் ஆராதனைப் பாட்டில் எங்கே? சங்கீத புத்தகத்தில் புலம்பல்கள் ஏராளமாக இருக்கின்றனவே!

3. சத்தம். சென்னையில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் நடந்த வழக்கில், அடுத்தவர் அமைதியைக் கெடுத்து ஜெபிக்க எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் கூறியது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் விதி. மசூதியும் கோயிலும் ஆலயமும் ஒரே தெருவில் இருக்கும் நம் ஊர்களில் இது சட்டம் மட்டுமல்ல, அயலானை நேசிப்பதும்கூட.

4. செலவு. மிக்சர், எல்.இ.டி. திரை என்று போனால் கிராமச் சபை பின்தங்கிவிடும்.

ஒரு விஷயம் யோசித்தீர்களா? 1950களின் இறுதியிலிருந்து டிரம்ஸின் முகப்பு பெரும்பாலும் பிளாஸ்டிக். உலகத்துக்கே தோல் பதனிட்டுத் தரும் ஊரில், ஆராதனை மேடையில் தோல் இல்லை. தோல் கட்டிய பறை இன்னும் வெளியே நிற்கிறது. கீர்த்தனை பூட்டிய கதவை பேண்ட் முழுதாகத் திறக்கவில்லை.

மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த தியோஃபிலஸ் அப்பாவு (1940-2005) இதைத்தான் கேட்டார். நாட்டுப்புற இசையில் வழிபாட்டு முறையையே அமைத்தார். மக்கள் தாங்களே மாற்றிப் பாடக்கூடிய பாட்டுதான் மக்கள் பாட்டு என்பது அவர் வாதம்.

ஆகவே கீர்த்தனையா பேண்டா என்பது தவறான கேள்வி என்பது என் கருத்து. யார் பாடுகிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்பதே சரியான கேள்வி. பேண்ட் இருக்கட்டும். ஸ்ருதியை இரண்டு கட்டை இறக்குங்கள், சத்தத்தைக் குறையுங்கள், ஒரு பாட்டுக்காவது பறையை உள்ளே அழையுங்கள். சபை பாடுவது அப்போது மேடைக்கும் கேட்கும்.