வாசலில் வந்து நின்றவர்கள்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், பாதர்ஸ்ட் நகருக்கு வடக்கே மலைகளுக்கு நடுவில் ஹில் எண்ட் என்றோர் ஊர். இன்று அங்கே குடியிருப்பவர்கள் ஏறத்தாழ நூறு பேர். 1872இல் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு வந்தவர்கள், மரப்பட்டையிலும் பலகையிலும் அவசரமாக வீடு கட்டிக்கொண்டார்கள். ஓரிரு ஆண்டுகளில் தங்கம் குறைந்தது, கூட்டம் கலைந்தது. இப்படிக் கலைந்துபோன தங்கவயல் ஊர்கள் உலகில் எத்தனையோ. அங்கே வாழ்ந்த சாமானியர்களின் முகம் யாருக்கும் தெரியாது. ஹில் எண்ட்காரர்களின் முகம் மட்டும் நமக்குத் தெரியும், அதுவும் வீடு வீடாக.

காரணம், பியூஃபாய் மெர்லின் என்ற புகைப்படக்காரர். 'அமெரிக்கன் அண்ட் ஆஸ்திரலேசியன் போட்டோகிராபிக் கம்பெனி' என்ற பெயரில் தொழில் நடத்தியவர். ஓர் ஊருக்குப் போனால் தெருத் தெருவாக, ஒரு கட்டடம் விடாமல் படமெடுப்பது அவர் வழக்கம். வீட்டுக்காரர்களை வாசலில் வந்து நிற்கச் சொல்வார். பிறகு அவர்களிடமே பிரதி விற்பார். ஹில் எண்டிலும் அருகிலிருந்த இன்னொரு தங்க ஊரான குல்காங்கிலும், உதவியாளர் சார்லஸ் பெய்லிஸுடன் அவர் செய்தது இதைத்தான்.

பிழைப்புக்காக எடுத்த படங்கள்தான். அதுவே நம் நல்ல காலம் என்பேன். பிரமுகர்களைத் தேடிப் போகிற கேமரா பிரமுகர்களை மட்டுமே காட்டும். மெர்லினுக்கோ ஊரில் வாசல் உள்ள ஒவ்வொருவரும் வாடிக்கையாளர். அதனால் வங்கிக்காரருக்குக் கிடைத்த அதே கண்ணாடித் தட்டு கொல்லருக்கும், கசாப்புக்கடைக்காரருக்கும், சவப்பெட்டி செய்பவருக்கும், மரப்பட்டைக் குடிசை வாசலில் பிள்ளைகளோடு நின்ற பெண்ணுக்கும் கிடைத்தது.

அன்றைய ஈரத்தட்டு முறை லேசானதல்ல. கண்ணாடியில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, உடனே இருட்டறையில் கழுவ வேண்டும். ஆகவே இருட்டறையும் கூடவே பயணம் போயாக வேண்டும். சில விநாடிகள் அசையாமல் நிற்க வேண்டும் என்பதால் பெரியவர்கள் விறைத்து நிற்கிறார்கள். பொறுமையில்லாத குழந்தையும் வாலாட்டிய நாயும் புகைபோலக் கலங்கித் தெரிகிறார்கள். ஆனால் அந்தத் தட்டின் நுணுக்கம் அபாரம். உள்ளங்கையளவுப் படத்தை இன்று கணினியில் பெரிதாக்கினால், கடைச் சுவரில் ஒட்டிய விளம்பரத்தைப் படிக்கலாம், ஜன்னலுக்குள் அடுக்கிய சாமான்களைப் பார்க்கலாம். வரிப் பதிவேட்டில் வெறும் பெயராக இருப்பவர் இங்கே கிழிந்த சட்டையும் தேய்ந்த செருப்புமாக எதிரே நிற்கிறார்.

இந்தத் தட்டுகள் தப்பியதற்கு இன்னொருவர் காரணம். ஜெர்மனியிலிருந்து 1858இல் வந்த பெர்ன்ஹார்ட் ஹோல்டர்மன், ஹில் எண்டின் 'ஸ்டார் ஆஃப் ஹோப்' சுரங்கத்தில் பங்குதாரர். 1872 அக்டோபர் 19 அன்று அந்தச் சுரங்கத்திலிருந்து சுமார் 286 கிலோ எடையுள்ள, தங்கம் செறிந்த பாறை வெளிவந்தது. அதன் பக்கத்தில் அவர் கைவைத்து நிற்கும் புகழ்பெற்ற படம் தனித்தனிப் படங்களை ஒட்டிச் செய்தது. கையில் பணம் சேர்ந்ததும் மெர்லினுக்கு ஆதரவாளரானார். தன்னை வாழவைத்த நாட்டைப் படங்களாக உலகுக்குக் காட்டி, குடியேற ஆட்களை அழைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. 1873இல் மெர்லின் இறந்தபின் பெய்லிஸ் வேலையைத் தொடர்ந்தார். 1885இல், தன் 47ஆவது பிறந்தநாளில், ஹோல்டர்மனும் மறைந்தார். தட்டுகளை ஊர் மறந்தது.

1951இல் புகைப்படப் பத்திரிகை ஆசிரியர் கீஸ்ட் பர்க் விசாரித்துக்கொண்டே போய், சிட்னியின் சாட்ஸ்வுட் பகுதியில் ஹோல்டர்மன் குடும்பத்து வீட்டுத் தோட்டக் கொட்டகையை அடைந்தார். உள்ளே சுமார் 3,500 கண்ணாடித் தட்டுகள் பெட்டி பெட்டியாக இருந்தன! எழுபது, எண்பது ஆண்டுகள் கடந்தும் பெரும்பாலானவை பழுதில்லை. மறு ஆண்டே குடும்பத்தார் அவற்றைச் சிட்னி மிட்செல் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் குடும்பத்தை நான் கைகூப்பி வணங்குகிறேன். இடத்தை அடைக்கிறது என்று பழைய கண்ணாடியைக் குப்பையில் போடுவது எவ்வளவு எளிது!

1966இல் வந்த 10 டாலர் நோட்டில் எழுத்தாளர் ஹென்றி லாசனுக்குப் பின்னணியாக இருந்த குல்காங் காட்சிகள் இந்தப் படங்களிலிருந்தே வந்தன. 2013இல் யுனெஸ்கோவின் உலக நினைவகத் திட்டத்தின் ஆஸ்திரேலியப் பதிவேட்டில் தொகுப்பு இடம்பெற்றது. குல்காங்கில், மெர்லின் படமெடுத்த பழைய கடைக் கட்டடங்களிலேயே 2019இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். ஹில் எண்டில் புல் முளைத்த வெற்று மனைகளின் முன்னே, அங்கே இருந்த கடையின் படத்தைப் பலகையில் வைத்திருக்கிறார்கள்.

சிட்னியில் ஹோல்டர்மன் கட்டிய கோபுரத்தின் மேலிருந்து, ஓர் ஆள் உயரத்துக்கு நிகரான கண்ணாடித் தட்டுகளில் பெய்லிஸ் அந்த நகரையே படமெடுத்த கதை அடுத்த வாரம்.

(தொடரும்)