வாக்குரிமைக்குக் காசு கொடுத்தது யார்?

போன மாதம் என் சித்தியின் மகள் போன் எடுத்தாள். யுனிவர்சிட்டியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவளும் சிநேகிதிகளும் மட்டக்களப்பில் இருக்கிற ஒரு பெண்கள் குழுவுக்காக ரோல்ஸும் பட்டீஸும் செய்து விற்று, மூன்று வார இறுதிகளில் 340 பவுண் சேர்த்திருந்தார்கள். அப்போது தெரிந்த மாமா ஒருவர் தனியாக 500 பவுண் தருகிறேன் என்றாராம். ஒரே ஒரு நிபந்தனை. அந்தக் குழு தையல் வகுப்பு நடத்தலாம். வழக்கு, ஊர்வலம் என்று போகக்கூடாது.

"அண்ணா, வாங்கலாமா, வேண்டாமா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த தொழில் கம்ப்யூட்டர். ஆனால் இந்தக் கேள்வி 110 வருடங்களுக்கு முன் இதே லண்டனில் ஒரு பெரிய இயக்கத்தையே பிளந்த கேள்வி என்பது மட்டும் தெரியும். சஃப்ரஜெட் பெண்களைப் பற்றி நீங்களும் ஸ்கூலில் படித்திருப்பீர்கள். ராஜாவின் குதிரைக்கு முன்னால் ஓடிய எமிலி டேவிசன், உடைந்த கண்ணாடிகள், சிறையில் உண்ணாவிரதம். மண்டப வாடகையை யார் கட்டினார்கள் என்று எனக்கு எந்த டீச்சரும் சொல்லித் தரவில்லை.

பெண்கள் சமூக அரசியல் ஒன்றியம் 1903-ல் மான்செஸ்டரில், எமலின் பாங்க்ஹர்ஸ்ட் வீட்டில் தொடங்கியது. 1906-ல் லண்டனை எழுப்பிவிடு என்று சொல்லி ஆனி கென்னியை அனுப்பினார்கள். பத்து வயதிலேயே பஞ்சாலையில் வேலைக்குப் போன பெண் அவர். கையில் இருந்தது 2 பவுண்.

அந்த வருடமே ஒன்றியத்துக்கு ஒரு பொருளாளர் கிடைத்தார். அவர் பெயரும் எமலின்தான்: எமலின் பெத்திக்-லாரன்ஸ். (இந்தக் கதையில் எமலின்கள் கொஞ்சம் அதிகம். பாங்க்ஹர்ஸ்டைத் திருமதி பாங்க்ஹர்ஸ்ட் என்றே சொல்கிறேன்.) கணவர் பிரெடெரிக் லாரன்ஸ், பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை, வழக்கறிஞர், கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். கல்யாணத்தின்போது இருவரும் ஒருவர் பெயரை மற்றவர் சேர்த்துக்கொண்டார்கள். 1901-ல் இது சின்ன விஷயமில்லை. அவர்கள் குடியிருந்த கிளெமென்ட்ஸ் இன் கட்டடத்திலேயே ஒன்றியத்தின் அலுவலகமும் வந்தது.

எமலினின் திறமை காசு வைத்திருந்ததில் இல்லை, கேட்டதில் இருந்தது. 1908 பெப்ரவரியில் ஒரு வாரத்தைத் தன்மறுப்பு வாரம் என்று அறிவித்தார். தேத்தண்ணி, சீனி, இறைச்சி என்று ஏதாவது ஒன்றை அந்த வாரம் விட்டுவிட்டு, மிச்சமான பென்னிகளை ஒன்றியத்துக்குக் கொடுக்க வேண்டும். இரட்சணிய சேனையிடம் இருந்து எடுத்த யோசனை அது. விரதம் பிடித்து உண்டியல் நிறைக்கிற குடும்பங்களில் வளர்ந்த நமக்கு விளக்கவே தேவையில்லை. மார்ச் மாதம் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கூட்டம். அந்த ஒரே மாலையில் சுமார் 7,000 பவுண் காசாகவும் வாக்குறுதியாகவும் வந்தது. இப்படியான கூட்டங்களில் தொகை ஏற ஏற, பிரெடெரிக் மேடையில் ஒரு பலகையில் எண்களை மாற்றிக்கொண்டே இருப்பாராம். இன்றைக்கு ஒன்லைனில் பார்க்கிற டொனேஷன் கவுண்டரை அவர் கையாலேயே ஓட்டியிருக்கிறார்!

கொடுத்தவர்களின் பெயரும் தொகையும் 'வோட்ஸ் ஃபோர் விமன்' பத்திரிகையில் வரும். பெரிய சீமாட்டியின் 100 பவுணுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பெண்ணின் ஒரு ஷில்லிங். தணிக்கை செய்த கணக்கை வருடாவருடம் வெளியிட்டார்கள். முதலில் வருடத்துக்குச் சுமார் 3,000 பவுணாக இருந்த வருமானம் 1909-ல் 20,000-ஐத் தாண்டியது. காசு வந்ததால் சம்பளம் வாங்கும் அமைப்பாளர்களை வைக்க முடிந்தது. ஆலைத் தொழிலாளியான ஆனி கென்னி முழுநேரமாகப் போராட முடிந்ததும் அப்படித்தான். சம்பளம் இல்லாவிட்டால் போராட்டம் வசதியான வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்காகவே நின்றிருக்கும் என்பது என் எண்ணம்.

ஒரு குறை இருந்தது, பெரிய குறை. 1907-ல் திருமதி பாங்க்ஹர்ஸ்ட் ஆண்டு மாநாட்டை ரத்துச் செய்து, ஒன்றியத்தின் விதிமுறைகளையும் தூக்கிவிட்டார். அதன்பின் முடிவெடுத்தது அவரும் மகள் கிறிஸ்டபெலும் பெத்திக்-லாரன்ஸ் தம்பதியும் அடங்கிய ஒரு சின்ன வட்டம். பெண்களுக்கு வாக்குக் கேட்ட இயக்கத்துக்குள் உறுப்பினர்களுக்கு வாக்கு இல்லை.

அரசாங்கமும் காசைத்தான் குறிவைத்தது. 1912 மார்ச்சில் லண்டனின் பெரிய கடைத்தெருக்களில் பெண்கள் சுத்தியலால் கண்ணாடிகளை உடைத்தார்கள். பொலிஸ் அலுவலகத்துக்குள் புகுந்து பெத்திக்-லாரன்ஸ் தம்பதியைப் பிடித்தது. கிறிஸ்டபெல் பாரிசுக்குத் தப்பிவிட்டார். சதி வழக்கில் தம்பதிக்கும் திருமதி பாங்க்ஹர்ஸ்டுக்கும் ஒன்பது மாதச் சிறை. அரசாங்கத்தின் வழக்குச் செலவையும் கட்டச் சொன்னது நீதிமன்றம். கணவன், மனைவி இருவரும் உண்ணாவிரதம் இருந்தார்கள். இருவருக்கும் குழாய் வைத்து வலுக்கட்டாயமாக உணவு ஏற்றினார்கள். செலவைக் கட்ட பிரெடெரிக் மறுத்தார். அதனால் சரே மாவட்டத்தில் இருந்த அவர்கள் வீட்டுக்குள் ஜப்தி அதிகாரிகள் வந்து உட்கார்ந்தார்கள்.

விடுதலையானபின் உடம்பு தேற இருவரும் கனடாவுக்குப் போனார்கள். இனி என்ன செய்வது என்பதில் ஏற்கெனவே கருத்து வேறுபாடு இருந்தது. கிறிஸ்டபெல் தீவைப்பு வரை போகத் தயார். முதலில் மக்களைப் பக்கம் இழுக்க வேண்டும் என்றார்கள் இவர்கள். கனடாவில் இருக்கும்போதே திருமதி பாங்க்ஹர்ஸ்டின் கடிதம் வந்தது. உங்கள் சொத்து இருக்கும்வரை, நாங்கள் உடைக்கிற ஒவ்வொரு கண்ணாடிக்கும் அரசாங்கம் உங்களிடம் பணம் பறிக்கும், ஆகவே கனடாவிலேயே இருந்து இயக்கம் நடத்துங்கள் என்பது அதன் சாரம். அவர்கள் திரும்பி வந்தார்கள். ஒக்டோபரில் ஒன்றியத்தை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அந்த மாதக் கடைசியில் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்குப் போயின. நண்பர்கள் பலவற்றை ஏலத்தில் எடுத்து அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அப்படியும் அடுத்த வருடம் பிரெடெரிக் திவாலானார்.

திருமதி பாங்க்ஹர்ஸ்டின் கணக்கில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பணக்கார ஆதரவாளர் ஒருவரையே நம்பி இருந்தால், எதிரிக்கு அடிக்க ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. ஆனாலும் ஆறு வருடம் உழைத்தவர்களை அனுப்பிய விதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அவர்கள் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவில்லை, பகிரங்கமாகச் சண்டையும் போடவில்லை. பத்திரிகையை மட்டும் தொடர்ந்து நடத்தினார்கள்.

இன்னொரு வழியில் காசை ஆயுதமாக்கியவர் சோஃபியா துலீப் சிங். பஞ்சாபின் கடைசி மகாராஜாவின் மகள், விக்டோரியா ராணியின் ஞானப்பிள்ளை. வாக்கு இல்லை என்றால் வரியும் இல்லை என்று, நாய்க்கும் வண்டிக்கும் கட்டவேண்டிய லைசென்ஸ் பணத்தைக் கட்ட மறுத்தார். அவருடைய வைர மோதிரம் 1911-ல் பறிமுதலாகி ஏலத்துக்கு வந்தது. ஒரு தோழி அதை ஏலத்தில் எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

இனி, ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைன் ஏறுங்கள். ஐந்தாவது ஸ்டேஷன் போ ரோட். திருமதி பாங்க்ஹர்ஸ்டின் இன்னொரு மகள் சில்வியா, 1912-ல் அங்கே ஒரு பழைய கடையை எடுத்து, ஏழைத் தொழிலாளப் பெண்களைச் சேர்த்தார். அவருடைய கிளையில் உறுப்பினர்களே கூடி முடிவெடுத்தார்கள். 1914 ஜனவரியில் கிறிஸ்டபெல் அவரைப் பாரிசுக்கு அழைத்தார். சொந்த விதிமுறை வைத்து ஜனநாயகமாக நடக்கிற கிளை எங்களுக்கு வேண்டாம் என்றார். செலவுக்குக் கொஞ்சம் தருகிறோம் என்று தாய் சமாதானம் பேசப் பார்த்ததையும், அதெல்லாம் முடியாது, முழுதாக வெட்டிக்கொள்ள வேண்டும் என்று அக்கா தடுத்ததையும் சில்வியா பிற்பாடு எழுதியிருக்கிறார்.

அந்தப் பயணத்தில் சில்வியாவுடன் போனவர் நோரா ஸ்மைத். வசதியான வணிகக் குடும்பத்துப் பெண், நல்ல புகைப்படக்காரர். லண்டனுக்குத் திரும்பியபின் தன் பரம்பரைச் சொத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கிளைக்கே கரைத்தார். அதே ஓகஸ்டில் போர் வந்தது. கணவர்கள் படைக்குப் போக, ஆலைகள் மூட, போ பகுதியில் பசி. இவர்கள் மலிவுச் சாப்பாட்டுக் கடை திறந்தார்கள், பெண்களுக்கு ஒழுங்கான கூலி கொடுக்கும் பொம்மைத் தொழிற்சாலை ஒன்று தொடங்கினார்கள். கன்மேக்கர்ஸ் ஆர்ம்ஸ் என்ற பழைய பப்பைக் குழந்தைகள் காப்பகமாக மாற்றி, மதர்ஸ் ஆர்ம்ஸ் என்று பெயர் வைத்தார்கள். வாக்குரிமைக் கோரிக்கையை அவர்கள் ஒருநாளும் கீழே வைக்கவில்லை. 1918-ல் சொத்துத் தகுதியோடு 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டும் வாக்குக் கிடைத்தது. போ பகுதிப் பெண்களில் பலர் 1928 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதில் முக்கால்வாசியைத் தங்கச்சிக்குப் போனில் சொன்னேன். கடைசியில் அவள் ஒன்று கேட்டாள்: "அந்த நோரா காசு கொடுக்கும்போது ஏதாவது நிபந்தனை போட்டாவா?" நான் படித்ததில் அப்படி ஒன்றும் இல்லை என்றேன்.

இந்தச் சனிக்கிழமையும் ரோல்ஸ் விற்கிறார்கள். மாமாவிடம் என்ன சொல்வது என்று மட்டக்களப்புப் பெண்களையே கேட்டு எழுதியிருக்கிறாளாம். பதில் இன்னும் வரவில்லை.