மாணா (எல்லைப்புற மலைச்சிற்றூர்)

மாணா, உத்தராகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தில் திபெத் எல்லைப்புறத்தில் உள்ள சிற்றூர். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,200 மீட்டர் உயரத்தில், பத்ரிநாத்துக்கு வடக்கே 3 கி.மீ. தொலைவில் அமைந்துள்ளது. பத்ரிநாத் 108 திவ்விய தேசங்களுள் ஒன்று. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம். பத்ரி யாத்திரை போவோருக்கு மாணா எட்டிவிடும் தொலைவுதான்.

பெயர்ப்பலகை

நெடுங்காலம் 'இந்தியாவின் கடைசி கிராமம்' எனப்பட்டது. 2022 அக்டோபரில் இங்கு வந்த பிரதமர் நரேந்திர மோடி எல்லையூர்களை முதல் கிராமங்களாகக் கொள்ள வேண்டும் என்றார். 2023இல் எல்லைச் சாலைகள் அமைப்பு 'முதல் கிராமம்' என்ற பலகையை நட்டது.

காணத்தக்கவை

சரஸ்வதி ஆறு இங்குப் பாறையிடுக்கில் பேரிரைச்சலுடன் பாய்ந்து, கேசவப் பிரயாகையில் அலக்நந்தாவில் கலக்கிறது. ஆற்றின் குறுக்கே கிடக்கும் பெரும்பாறை, திரௌபதி கடப்பதற்காகப் பீமன் இட்டது என்பர். வியாசர் பாரதம் சொல்ல விநாயகர் எழுதியதாகக் கூறப்படும் குகைகளும் இவ்வூரில் உள்ளன. அருகிலுள்ள வசுதாரா அருவிக்கு நடந்துதான் போகவேண்டும்.

பயணம்

ரிஷிகேசத்திலிருந்து பத்ரிநாத் ஏறத்தாழ 300 கி.மீ. மலைச்சாலை. வழியில் உள்ள தேவப்பிரயாகை, 'கண்டமென்னும் கடிநகர்' எனப் பெரியாழ்வார் பாடிய தலம். மே முதல் அக்டோபர் வரை பயணத்துக்கு ஏற்ற காலம். மழை மாதங்களில் நிலச்சரிவு நேரும். 2025 பிப்ரவரி 28 அன்று மாணா அருகே சாலைப்பணியாளர் முகாமைப் பனிச்சரிவு தாக்கியதில் 8 பேர் இறந்தனர்.

மக்களும் தறியும்

இவ்வூர் மக்கள் போட்டியா இனத்தவர். குளிர்காலத்தில் தாழ்வான ஊர்களுக்கு இறங்கிவிடுவர். மாணா கணவாய் வழியே திபெத்துக்குத் தானியமும் வெல்லமும் கொண்டுபோய் உப்பும் கம்பளியும் வாங்கிவந்தனர். 1962 இந்திய-சீனப் போருக்குப் பின் அவ்வணிகம் நின்றது, தறி நிற்கவில்லை. காஞ்சியில் பட்டும் சரிகையும் போல இங்கு ஆட்டு உரோமம். பெண்கள் சால்வையும் விரிப்பும் நெய்து வாசலிலேயே விற்கின்றனர். பத்ரிநாத்தில் நவம்பரில் நடை சாத்தும்போது, மாணாப் பெண்கள் நெய்த கம்பளியை நெய்யில் தோய்த்துப் பெருமாளுக்குச் சாத்துவர். அடுத்த ஆண்டு நடை திறந்ததும் அந்தக் கம்பளியின் இழைகள் பிரசாதமாக வழங்கப்படுகின்றன.