களைப்புறத் துரத்தி வேட்டையாடல்
விலங்கை உடனே கொல்லாமல், அது ஓட வலுவிழந்து நிற்கும்வரை பின்தொடர்ந்து பிடிக்கும் வேட்டைமுறை. கலகாரிப் பாலைநிலத்துச் சான் மக்கள் நண்பகல் வெயிலில் குடு எனும் பெரிய மறிமானை இவ்வாறு துரத்தியது உணவுக்காக. இங்கிலாந்தின் எக்ஸ்மூர் பகுதியில் நாய்களை ஏவிச் செம்மானை மணிக்கணக்கில் ஓடவிட்டதோ பெரிதும் பொழுதுபோக்குக்காக என்பதால், இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது முறையன்று. விலங்கு நடத்தையியலாளர் பேட்ரிக் பேட்சன் 1997இல் நேஷனல் டிரஸ்ட் எனும் மரபுரிமைப் பாதுகாப்பு அமைப்புக்கு அளித்த அறிக்கை, துரத்தப்பட்ட மான்களின் தசைகளில் கிளைக்கோஜன் எனும் சேமிப்பு மாவுப்பொருள் பெரிதும் தீர்ந்துபோயிருந்ததையும், குருதியில் கார்ட்டிசோல் எனும் நெருக்கடி இயக்குநீர் மிகுந்திருந்ததையும், சிவப்பணுக்கள் சிதைந்திருந்ததையும் காட்டியது. இவை உணர்த்தும் துன்பம் கொல்லும் நொடியில் அன்று, துரத்தலிலேயே அடங்கியிருப்பதால், இறுதியில் துப்பாக்கியால் விரைந்து கொல்வது அதை ஈடுசெய்யாது. அவ்வமைப்பு தன் நிலங்களில் நாய்களைக் கொண்டு மான் வேட்டையாடுவதை அவ்வாண்டே தடைசெய்தது. 2004ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம் அத்தடையை, சில விலக்குகளோடு, இங்கிலாந்து, வேல்ஸ் முழுமைக்கும் விரித்தது.