பறக்குமுன் வாங்கிய நூறு விமானங்கள்

2005ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பாரிஸ் விமானக் கண்காட்சியில், அதுகாறும் ஒரு பிரயாணியைக்கூட ஏற்றிச் சென்றிராத இண்டிகோ என்னும் இந்திய நிறுவனம் ஏர்பஸ் ஏ320 வகையில் 100 விமானங்களுக்கு உத்தரவு கொடுத்தபோது, இத்தனைக்கும் திரவியம் எங்கிருந்து வரும், இவற்றில் ஏறுவார் யார் என்ற ஊகங்கள் வர்த்தக உலகில் எழுந்தது இயல்பே.

ஸ்தாபகர்களான ராகுல் பாட்டியாவும் ராகேஷ் கங்வாலும் கைக்கொண்ட சூட்சுமம் யாதெனில், மொத்தமாக வாங்குவோருக்குக் கிட்டும் தள்ளுபடி விலையில் விமானத்தைப் பெற்று, கைக்கு வந்ததும் குத்தகைக் கம்பெனிக்கு விற்று, அதையே வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, மூலதனத்தை முடக்காமலே விருத்தியடைவதாம்.

2006 ஆகஸ்ட் 4ஆம் தேதி சேவை ஆரம்பமான பின்னர், 2011இல் 180, 2015இல் 250, 2019இல் 300 எனப் பெருகிய உத்தரவுகள், 2023 ஜூனில் 500ஐ எட்டி, அவ்வாண்டுத் தொடக்கத்தில் ஏர் இந்தியா அறிவித்திருந்த 470ஐயும் விஞ்சின.