வீடியோவுக்குப் பொருந்தும் ஆல்பம் உறை: லெகோ மறுத்த ஒரு பெட்டியின் கதை

ஒரு இசைக்குழுவின் வீடியோவுக்குப் பொருத்தமாக ஆல்பம் உறையை வடிவமைக்கச் சொன்னால் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? வீடியோவிலிருந்து நல்ல ஸ்டில் ஒன்றை எடுத்து அட்டையில் போடுவீர்கள். போஸ்டருக்கு அது போதும். பேக்கேஜிங்கிற்குப் போதாது. வீடியோ எந்த யோசனையில் உருவானதோ, அதே யோசனை கையில் பிடிக்கும் பொருளிலும் இருக்கணும். சொல்ல எளிது. நடுவில் வேறு சில ஆட்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக் குழுவான தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸைப் பாருங்கள். ஜாக் ஒயிட், மெக் ஒயிட் என இரண்டே பேர். உடையிலும் உறையிலும் சிவப்பு, வெள்ளை, கறுப்புதான் அவர்கள் அடையாளம். 2001-ல் வந்த ‘ஒயிட் பிளட் செல்ஸ்’ ஆல்பத்தில் ‘ஃபெல் இன் லவ் வித் எ கேர்ள்’ என்றொரு பாட்டு. முழுசாக 2 நிமிடம்கூட ஓடாது. அதற்கு பிரெஞ்சு இயக்குநர் மிஷெல் கோண்ட்ரி, லெகோ கட்டைகளை வைத்து ஃபிரேம் ஃபிரேமாக வீடியோ எடுத்தார். கட்டுவது, படம் பிடிப்பது, கலைப்பது, மறுபடி கட்டுவது. லெகோவில் நுணுக்கம் வராது, முகமே சதுரம் சதுரமாகத்தான் வரும். ஆனால் இரண்டு பேர், மூன்று நிறம் என்று தங்களைச் சுருக்கிக்கொண்ட குழுவுக்கு அந்தக் குறைதான் கச்சிதம்.

அடுத்து வந்தது பேக்கேஜிங் யோசனை. ஒவ்வொரு சிங்கிள் சிடியோடும் ஒரு குட்டி லெகோ செட். வாங்குபவர் வீட்டிலேயே ஜாக்கையும் மெக்கையும் கட்டிப் பார்க்கலாம். வீடியோவில் பார்த்த வேலையை ரசிகரும் செய்கிறார். இதைவிடப் பொருத்தமான பேக்கேஜிங் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால், 12 வயதைத் தாண்டியவர்களுக்கு எங்கள் பொருளை விற்பதில்லை என்று லெகோ மறுத்துவிட்டது என்கிறார் ஜாக் ஒயிட். 2002 எம்டிவி விருதுகளில் அந்த வீடியோ மூன்று விருதுகளை வாங்கியது. வீடியோ ஹிட்டான பிறகு லெகோவே பேச வந்ததாகவும் சொல்லப்படுகிறது. பெட்டி மட்டும் வரவே இல்லை.

கட்டையை வைத்துப் படம் எடுப்பது ஒன்று. அதே கட்டையைப் பெட்டியில் வைத்து விற்பது வேறு. பின்னதற்கு இன்னொரு நிறுவனத்தின் சம்மதமும் சப்ளையும் வேண்டும். ஷூட்டிங் தொடங்கும் முன்பே பேச வேண்டிய பேச்சு அது.

சம்மதம் கேட்க வேண்டிய தேவையே இல்லாத யோசனைக்கும் சிக்கல் வரலாம். 2006-ல் அமெரிக்கப் பாடகர் பெக், ‘தி இன்ஃபர்மேஷன்’ ஆல்பத்தை வெறும் கிராஃப் தாள் அட்டையோடு வெளியிட்டார். உள்ளே ஒரு ஸ்டிக்கர் தாள். உறையை நீங்களே ஒட்டி முடிக்கணும். கூடவே ஒரு டிவிடி, அதில் எல்லாப் பாட்டுக்கும் செலவில்லாமல் எடுத்த, வீட்டில் செய்தது போன்ற வீடியோக்கள். உறையும் வீடியோவும் ஒரே குணம். ஆனால் பிரிட்டனில் தரவரிசை வெளியிடும் நிறுவனம், இந்தப் பேக்கேஜிங் மற்ற ஆல்பங்களைவிட நியாயமற்ற சாதகம் தருகிறது என்று பட்டியலிலேயே சேர்க்கவில்லை. ஸ்டிக்கர் தாள் நான்கு வகை. நாலையும் சேர்க்க நினைத்தால் ஒரே ஆள் நாலு முறை வாங்குவார் இல்லையா?

கொரியாவில் இன்று அதுதான் நடைமுறை. பிடிஎஸ் குழுவின் ‘லவ் யுவர்செல்ஃப்’ வரிசையில் மூன்று ஆல்பங்கள், ஒவ்வொன்றுக்கும் நாலு பதிப்பு. பன்னிரண்டும் சேர்ந்தால்தான் தலைப்பின் ஆங்கில எழுத்துகள் முழுசாகும். அட்டைகளில் பூவின் கோட்டோவியம், ஆல்பத்துக்கு ஆல்பம் மாறும். நடு ஆல்பமான ‘டியர்’, 2019 கிராமியில் சிறந்த பேக்கேஜிங் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டது. அழகான வேலை, மறுக்க முடியாது.

பில் வேறு இடத்தில் வருகிறது. கொரியச் சுற்றுச்சூழல் அமைச்சகக் கணக்குப்படி, அங்கே ஆல்பங்களுக்குப் பயன்பட்ட பிளாஸ்டிக் 2017-ல் 55.8 டன், 2022-ல் 801.5 டன். அதே 2022-ல் பிடிஎஸ்ஸின் ஜே-ஹோப், ‘ஜாக் இன் தி பாக்ஸ்’ ஆல்பத்தை சிடியே இல்லாமல் விற்றார். பாட்டைக் கேட்க ஒரு க்யூஆர் குறியீடு, கூடவே போட்டோ கார்டுகள். பெட்டி மட்டும் அப்படியே இருந்தது.