289 நாள் கதை

1983. பெரு நாட்டின் தலைநகர் லிமா. ஹெர்னாண்டோ டி சோட்டோ என்கிற பொருளாதார அறிஞருக்கு ஒரு விபரீத யோசனை. ஊர்க்கோடியில் சின்னதாக ஒரு தையல் பட்டறை வைத்து, அதைச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். சிபாரிசு கூடாது. வேறு வழியே இல்லை என்றால் ஒழிய லஞ்சமும் கூடாது. எத்தனை நாளாகிறது, பார்ப்போம்!

அவருடைய ஆட்கள் ஆபீஸ் ஆபீஸாகப் படியேறினார்கள். பத்து தடவை கை நீண்டது. இரண்டு தடவை கொடுத்தே ஆகவேண்டிய நிலை. கடைசியில் அனுமதி கிடைத்தபோது 289 நாள் ஓடியிருந்தது. ஏழைகள் ஏன் லைசென்ஸ் இல்லாமல் தொழில் செய்கிறார்கள் என்ற கேள்விக்கு அந்த ஒற்றை எண் பதில் சொன்னது.

இருபது வருடம் கழித்து, 2003-ல் உலக வங்கி இதே யோசனையைக் கையில் எடுத்தது. 'டூயிங் பிசினஸ்' அறிக்கை. முதல் வருடமே 133 நாடுகள். 2005 முதல், ஸ்கூல் பிள்ளைகளுக்குப் போடுவது மாதிரி நாடுகளுக்கு ரேங்க்! வெட்கப்பட்டாவது பல அரசாங்கங்கள் தேவையில்லாத படிவங்களைக் கிழித்துப் போட்டன. அது நல்ல விஷயம்தான்.

ஆனால், ஒரு வித்தியாசம். டி சோட்டோவின் ஆட்கள் நடந்து பார்த்தார்கள். உலக வங்கியோ வக்கீல்களிடமும் ஆடிட்டர்களிடமும் கேள்வித்தாளை நீட்டி, 'இப்படி ஒரு கம்பெனி இருந்தால் எத்தனை நாளாகும்?' என்று கேட்டது. கிடைத்தது சட்டப் புத்தகத்தின் கணக்கு. அதே வங்கி வேறொரு சர்வேயில் தொழில் நடத்துபவர்களையே கேட்டபோது குட்டு உடைந்தது. ஒரே நாடு, ஒரே அனுமதி. ஒருத்தருக்குச் சில நாளில், இன்னொருத்தருக்குப் பல மாதத்தில்!

நம் கதைக்கு வருவோம். 2014-ல் வந்த பட்டியலில் இந்தியாவுக்கு 142-வது இடம். 2019-ல் 63. பிரமாதமான பாய்ச்சல். 2016-ன் திவால் சட்டம் போல நிஜமான மாற்றங்களும் அதில் உண்டு. ஆனால் அளந்தது டெல்லியையும் மும்பையையும் மட்டும். திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் எத்தனை படி ஏறினார் என்று யாரும் கேட்கவில்லை.

சிலியின் கதை இன்னும் வேடிக்கை. 34-வது இடத்திலிருந்து 57-க்குச் சறுக்கியது. முக்கிய காரணம், சட்டம் அல்ல, கணக்குப் போடும் முறை மாறியது! 2018 ஜனவரியில் வங்கியின் தலைமைப் பொருளாதார நிபுணர் பால் ரோமர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதே மாதம் பதவியை விட்டும் போனார்.

அப்புறம் வெடித்தது பெரிய குண்டு. 2017-ல் வெளியான பட்டியலில் சீனாவுக்கு 78-வது இடம். அது 85 ஆக இருந்திருக்க வேண்டும், மேலிடத்து நெருக்கடியில் புள்ளிவிவரம் திருத்தப்பட்டது என்றது விசாரணை அறிக்கை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் மறுத்தார்கள். 2021 செப்டம்பரில் உலக வங்கி கடையையே மூடிவிட்டது.

2024 அக்டோபரில் 'பி-ரெடி' என்ற பெயரில் புது அறிக்கை வந்தது. 50 நாடுகள். இம்முறை தொழில் நடத்துபவர்களையும் கேட்டார்கள். முக்கியமாக, ஒட்டுமொத்த ரேங்க் கிடையாது.

ரேங்க் வாங்குவதே லட்சியமாகிவிட்டால், கேள்வித்தாளில் இருப்பது மட்டும்தான் சீர்திருந்தும். ஓர் அனுமதிக்கு எத்தனை நாளாகும் என்று தெரியவேண்டுமா? லிமாவில் செய்தது போல யாராவது செருப்புத் தேய நடந்துதான் பார்க்கவேண்டும்.